ஆம்பியர் வண்டிக்கு, மணி டிரைவருக்கு
(ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியின் டீசல் பிக்கப் வண்டிகளில் பெரும்பேட்டரி ஏற்றம் குறித்து ஓர் ஆய்வு)

பாயிரம்

“பேட்டரியப் பெருசா போட்டுடுங்கண்ணா” என்ற வாக்கியம் ஓசூரில் முதன்முதலாக எந்த ஆண்டு சொல்லப்பட்டது என்பதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. வாய்மொழி வழக்கில் மட்டும் வலுவாக நிற்கிறது. மார்கழி விடியலில் சிப்காட் சாலையோரம் ஒரு பிக்கப் வண்டி ‘டக்’ என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு மௌனமானால், உடனே மூன்று பேர் கூடுவார்கள். டீக்கடைக்காரர் தமிழில் நாடி பார்ப்பார். பக்கத்து வண்டி டிரைவர் தெலுங்கில் பார்ப்பார். கம்பெனி வாட்ச்மேன் கன்னடத்தில் பார்ப்பார். நோய் என்ன என்பதில் மூவரும் ஒத்துப்போக மாட்டார்கள். மருந்தில் மட்டும் மும்மொழி ஒற்றுமை உண்டு: பெரிய பேட்டரி.

இந்த ஒற்றுமை எங்கிருந்து வந்தது என்பதே ஆய்வுச் சிக்கல். ஆய்வின் எல்லை வடக்கே அத்திப்பள்ளி, தெற்கே கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, மேற்கே தளி, கிழக்கே பர்கூர். லாரிகள் சேர்க்கப்படவில்லை, அவை 24 வோல்ட், இரண்டு பேட்டரி, ஆகவே வேறு சமயம். கட்டுரையாளருக்குச் சொந்த வண்டி கிடையாது. சொந்த வண்டி வைத்திருக்கும் மைத்துனர் உண்டு. ஆராய்ச்சிக்கு இதுவே பாதுகாப்பான தொலைவு.

சொல்லாராய்ச்சி

பேட்டரி என்பது பீரங்கி வரிசை. லேடன் ஜாடிகளை வரிசையாக அடுக்கி மின்சாரம் சேர்த்த பெஞ்சமின் பிராங்க்ளின், 1749 வாக்கில் அந்த அடுக்குக்கு இந்தப் போர்க்களப் பெயரைக் கொடுத்தார். நம்மவர்கள் பீரங்கியை ஓரங்கட்டிவிட்டு மின்கலம் என்றார்கள். கலம் என்றால் பாத்திரம்; கப்பல்; அப்புறம் நெல் அளக்கும் அளவு. பழைய வாய்பாட்டில் 12 மரக்கால் ஒரு கலம். பிக்கப் வண்டியின் பேட்டரி 12 வோல்ட். இதைவிடக் குறைந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு முனைவர் பட்டம் வாங்கியவர்களை நாம் அறிவோம்.

நேர்மையாகச் சொன்னால், உள்ளே இருப்பவை ஆறு அறைகள். அறைக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று அதிகம். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியை அளந்தால் 12.6 காட்டும். அந்த 0.6 கொசுறு என்பது நம் துணிபு.

‘செல்ஃப்’ என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தமிழ்நாடு முழுக்கச் செல்ஃப் என்றே சொல்கிறோம். ‘செல்ஃப் எடுக்கல’, ‘செல்ஃப் அடிக்குது ஆனா பிடிக்கல’, ‘செல்ஃப் சுத்தமா போச்சு’. தான் என்பது முற்றாக அற்றுப்போன நிலையைச் சித்தாந்திகள் பேறு என்றார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு ராயக்கோட்டைத் தக்காளி மண்டி வாசலில் அதே நிலையை அடைந்தவர் அப்படிச் சொல்லி நாம் கேட்டதில்லை.

வண்டியின் இயல்பு

1859-இல் காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டு காரீயத் தகடுகளை நடுவில் துணி வைத்துச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் நிறுத்தினார். இன்று ஓசூரில் தோளில் தூக்கிக்கொண்டு போகும் பேட்டரிக்கும் அதற்கும் வேதியியலில் வேறுபாடு இல்லை. (ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், இது காரீயம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் சமையலறைக்குள் வரவேண்டாம்.) 1897-இல் ருடால்ஃப் டீசலின் எஞ்சின் ஆக்ஸ்பர்க்கில் சோதனையில் தேறியது. அதே 1897-இல் பாய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர், பேட்டரியிலிருந்து வேகமாக உறிஞ்சினால் மொத்தத்தில் கிடைப்பது குறையும் என்று சூத்திரம் எழுதினார். நோயும் நோய்க்குறிப்பும் ஒரே ஆண்டில் ஒரே நாட்டில் பிறந்தன. இரண்டும் சேர்ந்து ஓசூருக்கு வந்துசேர நெடுநாள் ஆனது, அவ்வளவுதான்.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு நசுக்கிச் சூடேற்றி, ஐந்நூறு டிகிரியைத் தாண்டியதும் அதில் டீசலைப் பீய்ச்சித் தானாகப் பற்றவைப்பது அதன் முறை. அந்த முதல் நசுக்கலை யாராவது செய்துகொடுக்க வேண்டும். அந்த யாரோதான் செல்ஃப். 1912 காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவரும்வரை அந்த யாரோ, கையில் இரும்புக் கம்பியோடு நின்ற ஒரு மனிதன். பிக்கப் வண்டியின் செல்ஃப் மோட்டார் சுழலும் சில நொடிகளுக்கு இருநூறு ஆம்பியர் அளவில் இழுக்கிறது. டீசல் வண்டிக்குப் பெட்ரோல் வண்டியைவிடப் பெரிய பேட்டரியைக் கம்பெனியே வைப்பதற்கு இதுதான் காரணம்.

நம் வட்டாரத்துக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு. 2005-இல் டாடா ஏஸ் வந்தது. ஊர் அதைக் குட்டியானை என்றது. 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது; அது ஓசூர் ஆலையிலேயே பிறந்த பிள்ளை. எக்ஸைடுக்கும் ஓசூர் வட்டத்தில் பேட்டரி ஆலை இருக்கிறது. ஆகவே இங்கே ஒரு வண்டிக்கு உள்ளூர் வண்டியாகவும், உள்ளே இருக்கும் பேட்டரிக்கு உள்ளூர் பேட்டரியாகவும் இருக்கும் வாய்ப்பு உண்டு. விடியற்காலையில் ஒன்றை ஒன்று தெரியாததுபோல அவை முகம் திருப்பிக்கொள்வது குடும்பங்களில் நடப்பதுதான். போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவும் ஓசூரில் ஏத்தரும் மின்சார ஸ்கூட்டர் செய்து லித்தியத்தின் புகழ் பாடும் காலத்திலும், அந்த ஆலைகளுக்குச் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பும் பிக்கப்பின் இருக்கைக்குக் கீழே பிளாண்டேயின் காரீயம்தான் குலுங்குகிறது.

பரபக்கம்

பிறர் கொள்கைகளை முதலில் எடுத்துவைத்து மறுப்பது மரபு.

கம்பெனிவாதிகள் என்றொரு சாரார் உண்டு. புத்தகத்தில் போட்டிருக்கும் அளவைவிட ஓர் ஆம்பியர்கூட ஏற்றக்கூடாது, ஏற்றினால் செல்ஃப் மோட்டார் கருகிவிடும் என்பது இவர்கள் கட்சி. அற்றன்று. பெரிய பேட்டரியும் 12 வோல்ட்டே. மோட்டார் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தைத்தான் எடுக்கும். அண்டாவில் தண்ணீர் இருக்கிறது என்பதற்காக யாரும் அண்டாவையே குடித்துவிடுவதில்லை. மோட்டார் கருகுவதற்கு, எடுக்காத வண்டியில் அரை நிமிடம் சாவியை விடாமல் திருகிப் பிடித்திருப்பதே போதும். அதற்குச் சிறிய பேட்டரியும் உதவும்.

டைனமோவாதிகள் அடுத்த சாரார். “பெரிய பேட்டரிய இந்த டைனமோவால ரொப்ப முடியாது” என்பார்கள். (ஆல்டர்நேட்டர் வந்து பல பத்தாண்டுகள் ஆகியும் டைனமோ என்ற பெயர் பென்ஷன் வாங்கிக்கொண்டு நம்மோடு இருக்கிறது.) இதில் பாதி உண்மை. இரவில் 20 ஆம்பியர்-மணி எடுத்திருந்தால், காலையில் திரும்பக் கொடுக்க வேண்டியதும் ஏறக்குறைய அதே 20-தான், சேதாரம் கொஞ்சம் சேரும். பேட்டரி 65 ஆனாலும் 100 ஆனாலும் கடன் ஒன்றே. ஆனால் பெரிய பாத்திரம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இரவெல்லாம் அள்ளியவனுக்கு அந்தக் கடன் பெருகும். சிப்காட்டிலிருந்து அத்திப்பள்ளி வரை போகும் கால் மணி நேரத்தில் 40 ஆம்பியர் வீதம் ஏறினாலும் பத்துதான் ஏறும். ஆகக் குற்றம் டைனமோவின்மீது இல்லை, நடத்தையின்மீது.

மூன்றாவது சாரார் பெரும்பேட்டரிவாதிகள். நம் மைத்துனர் இதில் ஆதீனகர்த்தர் நிலையை எட்டியவர். ஸ்டார்ட்டிங் தொல்லை என்று 65-ஐ எடுத்துவிட்டு 80 போட்டார். ஒரு மாதம் நன்றாக இருந்தது. பிறகு 100 போட்டார். அதுவும் ஒரு மாதம். “அடுத்தது என்ன மாப்ளே, கே.ஆர்.பி. அணையிலிருந்து நேரா லைன் இழுக்கப் போறியா?” என்று கேட்டதற்கு, “கிண்டல் பண்ணாதீங்க மாமா” என்று இரண்டு நாள் பேசவில்லை. கடைசியில் பாகலூர் சாலையில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன், வண்டிக்குக் கீழே படுத்து, எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் வயரைக் கையால் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது. துரு. புது வயருக்கும் நட்டுக்கும் ஆன செலவு, இரண்டு பேட்டரிக்கும் ஊற்றிய டிஸ்டில்டு வாட்டரின் விலையைத் தாண்டவில்லை.

இருநூறு ஆம்பியர் ஓடும் பாதையில் நூற்றில் ஒரு பங்கு ஓம் தடை கூடினாலே இரண்டு வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை உப்பு, தளர்ந்த கிளாம்ப், துருவேறிய எர்த் ஆகிய மும்மலங்களும் நீங்காதவரை எத்தனை ஆம்பியர் ஏற்றினாலும் வீடுபேறு இல்லை. வெந்நீர் ஊற்றித் தேய்த்து, துடைத்து, வாசலின் தடவினால் முதல் மலம் நீங்கும். மற்ற இரண்டுக்கும் ஸ்பேனர் வேண்டும்.

இது தெரிந்த பிறகும் மைத்துனர் 100-ஐக் கழற்றவில்லை. “இருக்கட்டும் மாமா” என்றார். அந்த ‘இருக்கட்டும்’தான் இந்த ஆய்வைத் திசைதிருப்பியது.

சுபக்கம்

ஆம்பியர்-மணி என்றது என்னையெனின், பேட்டரியின்மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண். அதை அளக்கும் முறையை யாரும் கேட்பதில்லை. 65 ஆம்பியர்-மணி என்றால், 3.25 ஆம்பியர் வீதம் மெதுவாக 20 மணி நேரம் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்று பொருள். வண்டியை ஸ்டார்ட் செய்வது மூன்று நொடி வேலை. இருபது மணி நேரம் மெதுவாகச் சொட்டும் சோதனைக்கும் மூன்று நொடி முட்டலுக்கும் என்ன உறவு? ஸ்டார்ட் செய்யும் வலிமைக்கு வேறொரு எண் உண்டு. அதைச் சுழியத்துக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் அளக்கிறார்கள். அப்படி ஒரு குளிர் ஓசூர்க் கடைத்தெருவுக்கு இதுவரை வந்ததில்லை, அந்த எண்ணைக் கேட்டு ஒரு டிரைவரும் வந்ததில்லை. எல்லோரும் கேட்பது “எத்தனை ஆம்ப்ஸ்ண்ணா?” என்றுதான். அதாவது, முட்டல் எண்ணை விட்டுவிட்டுச் சொட்டல் எண்ணைத்தான் ஊர் விலை கொடுத்து வாங்குகிறது.

ஏன்? இந்த வட்டாரத்தில் பிக்கப் வண்டி ஓடும் நேரத்துக்குச் சற்றும் குறையாமல் நிற்கிறது. ஆலை வாசலில் கேட்பாஸுக்கு நிற்கும். உள்ளே போனால் இறக்க ஆள் வரும்வரை நிற்கும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்து, எல்லையில் வணிகவரிச் சோதனைச்சாவடியின் வரிசை ஒழிந்தது. காத்திருப்பு ஒழியவில்லை; இடம் மாறியது. பெங்களூரு நகருக்குள் சரக்கு வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. அந்த நேரம் தீரும்வரை வழியில் எங்காவது ஓரங்கட்டி நிற்கும். சூளகிரியில் கொத்தமல்லிக் கட்டு ஏற நிற்கும். மே, ஜூனில் கிருஷ்ணகிரி மாங்கூழ்த் தொழிற்சாலை வாசல்களில் நிற்பதுதான் எல்லாவற்றுக்கும் உச்சம். (அங்கே பெரும்பாலும் கூழாவது பெங்களூரா என்ற மாம்பழம். பெங்களூருக்குப் போக முடியாமல் நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில், பெங்களூர் பெயர் வைத்த பழம் வேறொரு வண்டியில் நிற்கும்.)

நிற்கும்போது எஞ்சினை அணைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் டீசல் குடிக்கும். அணைத்த கேபினுக்குள் ஒரு சிறு ஃபேன்: ஒன்றரை ஆம்பியர். பாட்டுப் பெட்டி: மூன்று. போன் சார்ஜ்: ஏறக்குறைய அரை. உள்விளக்கும் முன்னால் தொங்கும் சாமி படத்துச் சீரியல் விளக்கும்: ஒன்று. ஆகமொத்தம் ஆறு. இரவு ஒன்பதிலிருந்து விடியல் ஐந்து வரை எட்டு மணி நேரம் என்றால் 48 ஆம்பியர்-மணி. 65 பேட்டரியில் மிச்சம் 17.

இதுதான் கணக்கு வாத்தியார் தோற்கும் இடம். ஒருமுறை ஸ்டார்ட் செய்ய இருநூறு ஆம்பியர், மூன்று நொடி. ஒரு மணிக்கு 3600 நொடி. வகுத்துப் பார்த்தால் 0.17 ஆம்பியர்-மணிகூட முழுதாக ஆகவில்லை. அப்படியானால் அந்த 17-ஐ வைத்து நூறு முறை ஸ்டார்ட் செய்யலாம். ஒருமுறைகூட எடுக்காது. வடிந்த பேட்டரியில் அமிலம் நீர்த்துப்போய், தகட்டில் சல்ஃபேட் படிந்து, உள்தடை ஏறியிருக்கும். இருநூறு ஆம்பியர் கேட்ட மாத்திரத்தில் வோல்ட் மடிந்து உட்கார்ந்துவிடும். பாய்க்கெர்ட் 1897-இல் எழுதியதன் சாரமும் ஏறக்குறைய இதுதான்: மெல்லக் கேட்டால் தருவான், அதட்டிக் கேட்டால் கையை விரிப்பான். அதே இரவை 100 பேட்டரியோடு கழித்தவனுக்கு 52 மிச்சம். பாதிக்கு மேல் நிறைந்த பாத்திரம். காலையில் ஒரே திருகில் எடுக்கும்.

ஆகவே பெரும்பேட்டரி வண்டியை எழுப்புவதற்காக வாங்கப்படுவதன்று; வண்டியைத் தூங்கவைத்துவிட்டு டிரைவர் விழித்திருப்பதற்காக வாங்கப்படுவது என்க. ஆம்பியர்-மணி என்ற கூட்டுச்சொல்லில் ஆம்பியர் வண்டியின் பங்கு, மணி டிரைவரின் பங்கு. வாடகை பேசும்போது இந்த மணியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கிலோமீட்டருக்குத்தான் காசு.

மறுப்பாளர் ஒரு நியாயம் சொல்லலாம்: ஸ்டார்ட்டிங் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை, சட்டென்று கொடுப்பதற்கென்று செய்தவை, நாள்தோறும் பாதி வடித்தால் சீக்கிரம் செத்துவிடும், காத்திருப்புக்கு வேண்டியது இன்வெர்ட்டரில் இருப்பதுபோல் தடித்த தகடு. முற்றிலும் சரி. தோற்கும் வாதத்தை நாம் எதிர்ப்பதில்லை, வெல்லும் வாதத்தையும் அப்படியே.

குளிர், வெயில்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் மேட்டில் இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலையில் இறங்கிப் போனால் கிருஷ்ணகிரி. அங்கே சித்திரையில் பானெட்டைத் தொட்ட கை பழுக்கும். பேட்டரி சாவது வெயிலில். சூடு பத்து டிகிரி ஏறினால் உள்ளே அரிமானம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், நீர் வற்றும். ஆனால் வெயிலில் எஞ்சின் எண்ணெய் இளகி இருப்பதால், பாதி செத்த பேட்டரியும் செல்ஃபைச் சுற்றிவிடும். மார்கழியில் எண்ணெய் கெட்டியாகி, வேதிவினையும் மந்தமாகும்போதுதான் சாவு அறிவிக்கப்படுகிறது. கொலை கிருஷ்ணகிரியில், பிரேதம் ஓசூரில். எந்த எல்லைக்குட்பட்ட வழக்கு என்பதைத் தீர்க்க முடியாமல், எல்லோரும் பனியின்மேல் பழி போடுகிறார்கள். 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இரண்டு ஊரும் இருப்பது புலன் விசாரணைக்கு வசதி.

பொருத்துமுறை

புத்தகத்தில் இல்லாதது இந்த அதிகாரம். 65 உட்காரும் தட்டில் 100 உட்காராது. ஏழெட்டு கிலோ கூடும், நீளமும் கூடும். தட்டை வெல்டிங் பட்டறையில் நீட்டிக்கொள்வது உத்தமம். அடியில் மர ரீப்பர் கொடுத்து, பழைய சைக்கிள் டியூபால் இறுகக் கட்டுவது மத்திமம். ‘எங்க போகப் போகுது’ என்று அப்படியே வைப்பது அதமம், அது போகும். உயரம் கூடினால் பாசிட்டிவ் டெர்மினல் மேலே இரும்பைத் தொடும், தொட்டால் மத்தாப்பு. பாசிட்டிவ் இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்க்காமல் வாங்கியவர், பற்றாத கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு கடைக்காரரின் குடும்பத்தை விசாரிப்பதையும் களத்தில் கண்டோம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். மூடியைத் திறந்து தண்ணீர் பார்க்கும்போது பீடி வேண்டாம். பழைய பேட்டரி எடைக்குப் போகும், 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளரையே திரும்பப் பெறச் சொல்கின்றன, டிரைவரோ விதி வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, “பழசுக்கு எவ்ளோ கழிப்பீங்க?” என்று கேட்டு அதைக் கடைப்பிடித்துவருகிறார்.

தள்ளுதல்

முன்பெல்லாம் எடுக்காத வண்டியை நாலு பேர் தள்ளினால் போதும், செகண்ட் கியரில் கிளட்ச்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். பழைய டீசல் பம்புக்கு மின்சாரம் பெரிதாகத் தேவையில்லை. காமன் ரெயில் வந்தபின், அதிலும் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வந்தபின், இன்ஜெக்டரைத் திறப்பதற்கே கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும். பேட்டரி அடியோடு செத்தால் ஊரே கூடித் தள்ளினாலும் தள்ளிய ஊர்தான் சூடாகும். ஆகையால் நாலு பேருக்குப் பதிலாக ஜம்பர் கேபிள் வந்தது. கேபிள் எல்லாரிடமும் இருக்கும். கேபிளின் மறுமுனையை மாட்டத் தெம்புள்ள பேட்டரிதான் வரிசையில் ஒருவரிடம் இருக்கும்.

சென்ற மாம்பழப் பருவத்தில் ஓர் இரவு, கள ஆய்வின் பொருட்டு மைத்துனரின் வண்டியில் படுத்தோம். கூழ்த் தொழிற்சாலை வரிசையில் எங்களுக்கு முன்னால் எத்தனை வண்டி என்று எண்ண முடியவில்லை. ஃபேன் ஓடியது. இளையராஜா ஓடினார். “இதுக்குத்தான் மாமா நூறு. யாரையும் கேக்க வேணாம், யாரும் தள்ள வேணாம்” என்று காலை டேஷ்போர்டின்மேல் நீட்டிக்கொண்டு மைத்துனர் கண்ணை மூடினார்.

இரண்டரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. “அண்ணா, பேட்டரி டௌன் ஆகிதே, ஸ்வல்ப கேபிள் கொடி.” அவர் இறங்கிப்போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றேகாலுக்குத் தெலுங்கில் தட்டினார்கள். நாலு மணிக்குத் தட்டியவர் எதுவும் சொல்லவில்லை, கேபிளோடு நின்றார். “எப்படிடா கண்டுபிடிக்கிறாங்க?” என்று கேட்டேன்.

“பாட்டு ஓடுற வண்டி நம்மளுது ஒண்ணுதான் மாமா” என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார்.